தம்பி விஷயமாக உனக்கு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்துக்கு அப்பா வாயே திறக்கவில்லை. எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான், அதனால் எழுதுகிறேன். "தொழிற்கல்விப் பள்ளிக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா" என்று கேட்டாய். பைத்தியம் இல்லை. ஒன்பதாவது முடித்ததும் அங்கே சேர்கிறேன் என்று தம்பி கேட்டதற்கு யோசித்துத்தான் சரி என்றோம்.

9-ஆம் வகுப்புப் பிள்ளைகளை வாரத்தில் அரை நாள் தொழிற்கல்விப் பள்ளிக்கு அனுப்பும் திட்டத்தில் அவன் சேர்ந்தது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச், நடுவில் ஒரு பல்பு, மாடிப்படியில் இருக்குமே அதுமாதிரி, எதைத் தட்டினாலும் எரியும், அணையும். ஒயர் முனையைச் சீவி வளைத்து, ஸ்க்ரூ முறுகும் பக்கமாகவே மாட்டவேண்டுமாம், மாற்றி மாட்டினால் முறுக்கும்போது வெளியே பிதுங்கிவிடுமாம். இதையெல்லாம் வீடியோ காலில் பாட்டிக்குத் தமிழில் விளக்கினான் பாப்பா. சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்" சொல்லும் பையன்!

நீ சொல்கிறபடி அவனைப் பூஷிபானில், அந்த ராத்திரி டியூஷன் சென்டரில், சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை நான் கற்பனை செய்யவேண்டியதில்லை, உன்னை வைத்தே பார்த்துவிட்டேன். காலை ஏழரைக்குள் பள்ளியில் இருக்கவேண்டும், முதல் வகுப்புக்கு முன்பே ஒரு குட்டித் தேர்வு, மதியம் மேஜையில் கவிழ்ந்து ஒரு தூக்கம், எட்டாவது பீரியட் முடிய ஐந்து மணி, அப்புறம் செவன் இலெவனில் எதையாவது வாங்கி நின்றபடியே விழுங்கிவிட்டு பூஷிபான். இரவு ஒன்பதரைக்கு வாசலில் ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கும், நம் சிஞ்சு ஊர்க் காற்றில் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட முடியாது, நீ ஏறி உட்கார்ந்து என் முதுகில் சாய்ந்தே தூங்கிவிடுவாய். வீட்டுக்கு வந்தால் வீட்டுப்பாடம். உனக்குக் கணக்கு பிடிக்கும், போட்டி பிடிக்கும், தாங்கினாய். அப்படியும் ஞாயிறு இரவு ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாயே, மறந்துவிட்டதா?

இந்தத் தைவானில் இப்போது பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்டது, ஆள் சேராமல் சில பல்கலைக்கழகங்களை மூடியேவிட்டார்கள். இடத்துக்கா பஞ்சம்? தைவான் பல்கலைக்கழகம், சிங்ஹுவா, உன் செங்குங் என்று நாலைந்து பெரிய பெயர்களுக்குத்தான் இத்தனை முட்டல் மோதல். 2014-இல் 12 ஆண்டுக் கல்வித் திட்டம் கொண்டுவந்தபோது மேல்நிலைப் பள்ளிக்கு இனிப் பெரும்பாலும் தேர்வில்லாமலே சேரலாம் என்றார்கள். நடப்பது என்ன? இருக்கும் இடத்தைவிட அதிகம் பேர் கேட்கும் பள்ளியில் ஹுய்காவ், அதுதான் ஒன்பதாவது முடிவில் மே மாதம் எழுதும் பொதுத்தேர்வு, அதன் மதிப்பெண்ணையும்தானே பார்க்கிறார்கள். ஏ வந்தால் போதாது, ஏ பிளஸ் பிளஸ் வேண்டும். தம்பியின் வகுப்பில் கரும்பலகை மூலையில் தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் அழித்து அழித்து எழுதுகிறார்கள்.

கீழ் வீட்டு அம்மா படிப்புக்கான வென்சாங் சாமிக்குச் செலரியும் வெங்காயத்தாளும் வைத்து, மகனின் ஹால்டிக்கெட் நகலையும் வைக்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டார். போனேன், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். தம்பி எந்தப் பள்ளிக்கு என்று கேட்டார், சொன்னேன். அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே, நான் ஏதோ துக்கச் செய்தி சொன்னமாதிரி. ஞாயிற்றுக்கிழமை உன் குரலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

அந்தப் பள்ளியோடு படிப்பு முடிந்துவிடுவதுபோல் பேசுகிறாய். மூன்று வருஷம் முடித்தால் அவர்களுக்கென்று தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதை எழுதித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள், அப்படியொரு பல்கலைக்கழகமான தைபே டெக்கில் படித்தவனை யாரும் படிக்காதவன் என்பதில்லை. அது கிடக்கட்டும், அப்பா லேபில் வேக்யூம் பம்ப் நின்றுபோனால் பிஎச்டி முடித்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று கையைப் பிசைவார்கள், டெக்னீஷியன் வந்து கையை வைத்தால்தான் உயிர் வரும். இதைச் சொல்லிச் சிரித்தது அப்பாதான்.

அவன் படிப்பை விட்டுவிட்டான் என்று நினைக்காதே. மே மாதத் தேர்வை எழுதத்தான் போகிறான், எலெக்ட்ரிகல் பிரிவுக்கும் போட்டி உண்டு. சீனக் கட்டுரை மட்டும் இழுக்கிறது. அதற்கு நீ உதவலாம், வாரம் ஒருமுறை போனில் ஒரு கட்டுரையைத் திருத்திக் கொடு. பூஷிபான் பேச்சை மட்டும் எடுக்காதே. "அக்கா என்னை முட்டாள் என்று நினைக்கிறாளா" என்று அன்று ராத்திரி என்னிடம் கேட்டான். இல்லை என்றேன், நீயும் சொல்லிவிடு.

ஏப்ரலில் வரும் சிங்மிங் விடுமுறைக்கு டிக்கெட் போட்டாயா? அதிவேக ரயிலில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. ஜூனிலும் ஒரு வாரம் ஒதுக்கி வை, முடிவு வந்ததும் பள்ளிகளின் விருப்பப் பட்டியலை ஆன்லைனில் நிரப்பவேண்டும், அத்தனை சீன எழுத்தைப் படித்து நிரப்ப என்னால் ஆகாது, அப்பாவுக்கும் வராது. நீதான் அவனோடு உட்கார்ந்து நிரப்பித் தரவேண்டும், அவன் சொல்கிற வரிசையில்.

அம்மா