பல் மருத்துவம் படிக்க நினைக்கும் குடியாத்தம் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பி.டி.எஸ். சேர தனியாக உயிரியல் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் ஒரே நீட், ஒரே வினாத்தாள். 180 கேள்வியில் 90 உயிரியல். 720 மதிப்பெண்ணில் 360. ‘டென்டல் ஸ்பெஷல்’ என்று அட்டை போட்டு யாராவது விற்றால் வாங்காதே. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மனிதப் பற்களைப் பற்றிச் சொல்லும் செரிமானப் பாடம் 2024 முதல் நீட் பாடத்திட்டத்திலேயே இல்லை.

முதலில் கையில் இருக்க வேண்டியவை என்.சி.இ.ஆர்.டி. என்ற மத்தியப் பாடநூல் நிறுவனத்தின் 11, 12-ஆம் வகுப்பு உயிரியல் நூல்கள். பழைய புத்தகக் கடையில் வாங்குவதாக இருந்தால் பொருளடக்கத்தை எண்ணிப் பார். 11-இல் 19 பாடம், 12-இல் 13 பாடம் என்றால் புதிய பதிப்பு. 22, 16 என்றால் பழையது. கனிம ஊட்டம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் என்று நீக்கிய பாடங்களில் உன் நேரம் போய்விடும். காசு இல்லையென்றால் என்.சி.இ.ஆர்.டி. தளத்திலேயே பி.டி.எஃப். இலவசம். ஆனால் செராக்ஸ் பிரதியில் படங்களின் பெயர்க்குறிப்புகள் மங்கிவிடும். படம் உள்ள பக்கங்களை மட்டுமாவது நல்ல பிரின்ட் எடுத்துக்கொள்.

நீ தமிழ் வழி. என்.சி.இ.ஆர்.டி. தமிழில் வருவதில்லை. அதனால் பள்ளியில் கொடுத்த உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் நூல்களைப் பத்திரமாக வைத்துக்கொள். கருத்தை அதில் படி. பெயரையும் எண்ணையும் என்.சி.இ.ஆர்.டி.யில் சரிபார். தவளையையே எடுத்துக்கொள். நம் நூலில் ரானா ஹெக்சாடாக்டைலா, அதில் ரானா டைக்ரினா. இப்படி முரண்படும் இடத்தில் என்.சி.இ.ஆர்.டி. சொல்வதையே வைத்துக்கொள். பெண் தவளை ஒரு தடவைக்கு 2500 முதல் 3000 முட்டை, மூளை நரம்பு 10 இணை என்பது போன்ற எண்களைப் பென்சிலால் கோடிடு. கேள்விகள் அந்த வரிகளிலிருந்துதான் வரும். தமிழ் வினாவில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி, அதனால் ஆங்கிலக் கலைச்சொல்லும் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும்.

என்.சி.இ.ஆர்.டி. மட்டும் போதும் என்பார்கள். முக்கால்வாசி உண்மை. நீட் பாடத்திட்டத்தில் மால்வேசி, குருசிஃபெரே, லெகுமினோசே, காம்போசிட்டே, கிராமினே என ஐந்து தாவரக் குடும்பங்கள் இருக்கின்றன. புதிய என்.சி.இ.ஆர்.டி. விரிவாகச் சொல்வதோ சொலானேசி மட்டும். இதற்காக ஒரு கைடு வாங்க வேண்டியதில்லை. ஒரு தாளில் ஐந்து கட்டம் போடு: மஞ்சரி, மகரந்தத்தாள், சூற்பை, சூல் ஒட்டுமுறை, கனி. மால்வேசிக்குச் செம்பருத்தியைப் பிரித்தால் ஒருகற்றை மகரந்தத்தாள் தெரியும், அதாவது எல்லாம் ஒன்றாக ஒட்டியிருக்கும். குருசிஃபெரேவுக்குக் கடுகுப் பூ, அதில் மகரந்தத்தாள் நான்கு நீளம், இரண்டு குட்டை. லெகுமினோசேவுக்கு அவரைப் பூவை எடு, ஒன்பது சேர்ந்தும் ஒன்று தனித்தும் இருக்கும். நம் பக்கம் எங்கும் கடலைக்கொல்லை இருக்கிறதே என்று வேர்க்கடலைப் பூவை எடுத்துவிடாதே. அதில் எல்லாம் ஒரே கற்றை, குழம்பிவிடுவாய்.

வினாத் தொகுப்பு ஒன்று போதும். கடையில் நின்றபடியே சோதிக்கலாம். செரிமானம் இன்னும் பெரிய அத்தியாயமாக இருந்தால் பழைய சரக்கு. கூற்று-காரணம், பொருத்துக வகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். விடைக்குறிப்பில் வெறும் எழுத்து மட்டும் இருந்தால் கீழே வை. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகிற தேர்வு இது.

முந்தைய ஆண்டு வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதும்போது ஒரு கவனம். 2021 முதல் 2024 வரை 200 கேள்வி தந்து 180-க்கு விடை கேட்டார்கள். 2025-இல் அந்தச் சலுகை போய்விட்டது. 2021 முதல் 2024 வரையான தாள்களில் உயிரியல் 100 இருக்கும். நீக்கிய பாடக் கேள்விகளை முதலில் அடித்துவிட்டு, மீதியிலிருந்து 90 எடுத்து 45 முதல் 50 நிமிடத்தில் முடிக்கப் பார். விடையை, நீட் நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இறுதி விடைக்குறிப்போடு மட்டும் ஒப்பிடு.

அன்புடன்,
உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
வேலூர்