வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்கள் காதுக்கு இது எப்படியும் போய்விடும்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவுக்கு வேன் பிடித்துப் போய் வந்தோம். ஒழுகிய கூரை சரிசெய்யப்பட்டது.

இனி புதுப்புத்தகத் திட்டம். "வாங்கிக் குவிக்கிறீர்களே, யார் படிக்க?" என்று போன பொதுக்குழுவில் கேட்ட அண்ணனுக்கும் இதில் பதில் இருக்கிறது. முன்பெல்லாம் விருது அறிவித்தால் வாங்குவோம், மேடையில் யாராவது புகழ்ந்தால் வாங்குவோம். இந்த ஆண்டு புரட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கவில்லை. முதலில் பதிப்பு விவரப் பக்கம். புதுவரவு என்று அடுக்கியதில் பழைய நூலின் மறு அச்சும் புது அட்டையோடு கிடக்கும். நாவல் என்றால் நடுவில் இரண்டு பக்கம், நின்றபடியே. முதல் பக்கத்தை எல்லோரும் இழைத்து இழைத்துத்தான் எழுதுகிறார்கள், அதை நம்ப முடியாது. வரலாற்று நூல் என்றால் கடைசியிலிருந்து: ஆதாரம் எதுவும் காட்டாமல் அடித்துப் பேசும் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' இப்படித் தேறி வந்ததுதான். அதற்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது வேறு விஷயம்.

யார் படித்தார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்த அந்த நாட்களில்தான் அலமாரி காலியானது. வேதாளைத் தம்பி ஒருவர் சோ. தர்மனின் 'சூல்' எடுத்துப் போனார். கண்மாயை நம்பி வாழும் ஊரின் கதை. திரும்பி வந்தபோது உள்ளே அடையாளத்துக்கு வைத்த வலை நூல் துண்டு அப்படியே இருந்தது. கருத்து நோட்டில், "எங்க ஊரணியையும் இப்படித்தான் விட்டோம்" என்று ஒரே வரி. அண்ணனுக்கு இது போதும் என நினைக்கிறேன்.

வருத்தமும் உண்டு. மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'யை ஓர் உறுப்பினர் "நாலே நாள்" என்று சொல்லி வாங்கினார். 1802இல் சிவகங்கை அரசரையும் மற்றவர்களையும் பினாங்குக்கு நாடு கடத்தியதைச் சொல்லும் நாவல் அது. இப்போது அவரோடு துபாயில் இருக்கிறது. சந்தா கேட்டால், "ஜிபே பண்ணிடுறேன்" என்கிறார்கள். நம்பர் மட்டும் பலமுறை கேட்டு வாங்கியாயிற்று, பணம்தான் வந்தபாடில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். கொஞ்சம் இழுபறி இருந்தது, பொருளாளர் விளக்குவார். இடம் தந்தவர்களுக்கும் டீ வாங்கித் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் மகிழ்ச்சி. சரி, யாரும் தரையைப் பார்க்க வேண்டாம். நானே தொடர்ந்தால் இன்னொரு அலமாரி வேண்டும், இருப்பதில் இனி இடமில்லை. ஓர் உறுப்பினர் வீட்டு மாடியில் நல்ல தேக்கு அலமாரி ஒன்று பழைய பாத்திரங்களோடு சும்மா நிற்கிறது. அவர் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்; பெயர் சொல்லவில்லை. தூக்கி வர ஆள் நான் ஏற்பாடு செய்கிறேன்.