சந்தைச் சதுக்கத்துக் கழிப்பறை: எங்கள் டவுன் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், கவுன்சிலர்களுக்கும், கிளார்க் அவர்களுக்கும் வணக்கம்.

கழிப்பறை மூடப்பட்ட விவரத்தை உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறோம். சந்தைச் சதுக்கத்துப் பொதுக் கழிப்பறையை மூடுவது என்று ஜனவரிக் கூட்டத்தில் பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு எடுத்த முடிவை, அதற்கு ஆதாரமான அறிக்கையோடும் செலவுக் கணக்கோடும், திறந்த கூட்டத்துக்கு மறுபடி கொண்டுவாருங்கள். அதுவரை கதவைத் திறந்து வையுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் கவுன்சிலின் நிர்வாக அலுவலரான கிளார்க் அவர்களின் மேசைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. ஹை ஸ்ட்ரீட்டில் கடை நடத்துபவர்கள், முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவர்கள் என்று இந்தச் சிறிய ஆங்கிலேய ஊரிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூர் வீட்டு வரியைக் கட்டுகிறார்கள். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்கூட, இங்கே தங்க அனுமதி இருந்தால், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். பலருக்கு இது தெரியாது. கீழே சொல்லப்போகும் உரிமைகளில் பெரும்பாலானவை வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு உரியவை. ஆகவே அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் அந்தக் கதவைப் பற்றி. ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து சங்கிலி, பூட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்: மறு அறிவிப்பு வரை மூடப்பட்டுள்ளது. பக்கத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான அறை. அதில் இருப்பது ரேடார் பூட்டு; நாடு முழுவதும் ஒரே சாவியால் திறக்கக்கூடியது. சாவி இப்போதும் உள்ளே போகிறது, திரும்புகிறது, தாழ் விலகும் சத்தமும் கேட்கிறது. குறுக்கே போட்ட சங்கிலி மட்டும் கதவை விடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை சந்தை நாள். முதியோரின் இலவச பஸ் பாஸ் வார நாட்களில் காலை 9.30க்குப் பிறகுதான் செல்லும் என்பதால் கிராமத்து முதியவர்கள் 10 மணி வாக்கில் வந்து இறங்குகிறார்கள். திரும்பிப்போக அடுத்த பஸ் பன்னிரண்டே காலுக்கு. இவர்களில் பலர் இதயக் கோளாறுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள். ஃப்யூரோசமைடு போன்ற மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். அதன் வேகம் ஏறத்தாழ 6 மணி நேரம் நீடிக்கும். காலை எட்டு மணிக்குப் போட்டால் சந்தையில் நிற்கும் நேரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? செவ்வாய்க்கிழமை மட்டும் மாத்திரையைப் போடாமல் வருகிறார்கள். தண்ணீரும் குடிப்பதில்லை. மாலையில் கணுக்கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. சிலர் சந்தைக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். காய்கறி வாங்கவும் நாலு பேரிடம் பேசவும் வருகிற வயதான மனிதர் மருந்தா சந்தையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை ஒரு பூட்டினால் வந்தது.

பப் இருக்கிறது, கஃபே இருக்கிறது என்று உங்களில் சிலர் பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். பப் திறப்பது பகல் 12 மணிக்கு. கஃபேயின் கழிப்பறை மாடியில். சக்கர நாற்காலி ஏறாது. கடைக்காரர்கள் மனம் கேட்காமல், சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே வழிவிட்டு, பணியாளர் கழிப்பறைக்கு ஆட்களை அனுப்புகிறார்கள். யாராவது தடுக்கி விழுந்தால் பொறுப்பு அந்தக் கடைக்காரருக்கு. சதுக்கத்தில் பஸ்ஸைத் திருப்பும் ஓட்டுநருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அவருக்கும் வேறு இடம் கிடையாது.

இனி அந்தக் கூட்டம். நாள் கணக்கில் நாங்கள் குறை சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கேட்பது மூன்று முழு நாள். அறிவிப்பு ஒட்டிய நாளும் கூட்ட நாளும் ஞாயிறும் அதில் சேராது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முந்தின புதன்கிழமையே பலகையில் தாளை ஒட்டிவிட்டீர்கள். சரிதான். ஆனால் அந்தத் தாளில் இருந்தது என்ன? "சொத்துகள் குறித்த ரகசிய விஷயம்", அவ்வளவே. கழிப்பறை என்ற சொல்லே இல்லை. என்ன அலுவல் நடக்கப்போகிறது என்று அழைப்பில் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்வதன் நோக்கமே, பாதிக்கப்படுகிறவர் வந்து உட்காரவும் பேசவும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதுதான். அந்த வரியைப் படித்து, தன் வீட்டுப் பக்கத்துக் கழிப்பறை போகப்போகிறது என்று யாரால் ஊகித்திருக்க முடியும்?

பொதுமக்களை வெளியே அனுப்ப உங்களுக்கு அதிகாரம் தருவது, பொது அமைப்புகளின் கூட்டங்களில் மக்களை அனுமதிப்பது பற்றிய 1960ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு ஒரு தீர்மானம் வேண்டும், தீர்மானத்தில் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் நடக்கப்போகும் அலுவலின் தன்மையிலிருந்து வர வேண்டும். துப்புரவு ஒப்பந்தத்துக்கு இரண்டு நிறுவனங்கள் கேட்ட தொகையை ஒப்பிடுவது ரகசியம் என்றால் ஒத்துக்கொள்கிறோம். அந்தப் பத்து நிமிடத்துக்கு நாங்கள் வெளியே நிற்போம். கழிப்பறை ஊருக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியில் என்ன வணிக ரகசியம் இருக்கிறது? இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி உள்ளே எடுத்துப் போனதுதான் தவறு.

அதனால் விளைந்த இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். ஒரு கவுன்சிலின் முடிவு சட்டப்படி சரியா என்று உயர் நீதிமன்றத்தில் கேட்க விரும்புபவர் தாமதிக்காமல், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். முடிவு ஜனவரியில். ஊருக்குத் தெரிந்தது ஏப்ரல் 1 அன்று, கதவில் தாள் ஒட்டிய பிறகு. கெடுவின் பெரும்பகுதி அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. அறிக்கையைக் கேட்டு, 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி கொடுத்த மனுவுக்கு 20 வேலை நாள் கடந்தும் பதில் இல்லை. திட்டமிட்டுச் செய்தீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. திட்டமிட்டுச் செய்திருந்தாலும் இதே விளைவுதான் வந்திருக்கும்.

செலவுக்கு வருவோம். செலவு உண்டு. காலையில் திறந்து கழுவ ஆள், மாலையில் பூட்ட ஆள், தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், காகிதம், சோப்பு, இன்சூரன்ஸ், உடைக்கப்படும் தொட்டி மூடிக்கும் கதவுக் கொண்டிக்கும் ஒரு தொகை. ஆனால் வீடல்லாத கட்டடங்களுக்கான பிசினஸ் ரேட் வரி ஒரு சுமை என்று சொல்லப்பட்டிருந்தால் அது பழைய கணக்கு. 2021இல் நிறைவேறிய சட்டத்தின்படி, தனிக் கட்டடமாக நிற்கும் பொதுக் கழிப்பறைக்கு 2020 ஏப்ரல் 1 முதல் அந்த வரி முழுவதும் விலக்கு. பழுதுபார்க்கும் பில்லில் வரும் வாட் வரியையும் டவுன் கவுன்சில் திரும்பப் பெறலாம். செலவுப் பட்டியல் வாட் சேர்த்துப் போடப்பட்டதா, கழித்துப் போடப்பட்டதா?

மூடி வைப்பதற்கும் செலவு உண்டு. குழாயில் தேங்கிய தண்ணீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். ஒவ்வொரு குழாயையும் தொட்டியையும் வாரம் ஒரு முறையாவது திறந்து ஓடவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீரை முழுவதும் வடித்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் விட்டால் குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும். காலிக் கட்டடம் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்கவும் இடம் உண்டு. ஏப்ரலிலிருந்து யார் அந்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறார்கள், எந்தப் பதிவேட்டில் எழுதுகிறார்கள்? திறக்கும் நேரத்தைக் குறைப்பது, சந்தை நாளிலும் சனிக்கிழமையிலும் மட்டும் திறப்பது, கார்டைத் தொட்டு 20 பென்ஸ் கட்டும் கதவு வைப்பது, வசதியுள்ள கடைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்து அவற்றின் கழிப்பறையைப் பொதுவாக்குவது என்று இடைவழிகள் இருக்கின்றன. இவற்றை எடைபோட்டுப் பார்த்தீர்களா? அறிக்கையை வெளியிட்டால் தெரிந்துவிடும். வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கழிப்பறை நடத்துவது எந்தக் கவுன்சிலுக்கும் சட்டக் கடமை இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. மாவட்டக் கவுன்சில் பணம் இல்லை என்று கட்டடத்தை உங்கள் தலையில் கட்டியதும் தெரியும். அதற்காக உங்கள்மேல் எங்களுக்கு அனுதாபமே உண்டு.

ஆனால் மாவட்டக் கவுன்சிலுக்கும் கீழே, உள்ளாட்சி அடுக்கின் அடியில் இருக்கும் டவுன் கவுன்சில்களைக் கேள்வி கேட்க ஆளே இல்லாமல் போய்விட்டது. மாவட்டக் கவுன்சில் தவறு செய்தால் உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். டவுன் கவுன்சில்மீது அவரிடம் போக முடியாது. மாவட்டத்தின் மானிட்டரிங் ஆபீசர் பார்ப்பது தனி ஒரு கவுன்சிலரின் நடத்தையை மட்டும். கவுன்சில் எடுத்த முடிவை அல்ல. தவறான நடத்தை உறுதியானாலும் அந்தக் கவுன்சிலரை சஸ்பெண்டு செய்யும் அதிகாரத்தை 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் எடுத்துவிட்டது. 6 மாதம் வரை சஸ்பெண்டு செய்யும் அதிகாரம் வேண்டும் என்று பொதுவாழ்வு நெறிகளுக்கான குழு 2019இல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. மேல்மட்டக் கவுன்சில்கள் வரியை வரம்புக்கு மேல் ஏற்றினால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதே வரியில் உங்கள் பங்காக நீங்கள் விதிக்கும் பிரிசெப்ட்டுக்கு அந்த வரம்பு விதிக்கப்படவில்லை. நம் ஊரில் கடைசித் தேர்தலில் இடங்களைவிட வேட்பாளர்கள் குறைவு, வாக்குப்பதிவே நடக்கவில்லை. மீதி நாற்காலிகளை நீங்களே ஆள் சேர்த்து நிரப்பினீர்கள். அது எங்கள் தவறும்தான். சாமர்செட்டின் ஃப்ரோம் ஊரில் கட்சி சாராத உள்ளூர்க்காரர்கள் ஒன்றுகூடி நின்று 2011இல் 17 இடங்களில் 10ஐயும், 2015இல் 17ஐயும் பிடித்தார்கள். நம் ஊரில் யாரும் நிற்கவில்லை. அதற்காக உங்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

2020 டிசம்பரில் செஷயரின் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் (உங்களைப் போன்ற அடிமட்டக் கவுன்சில்) கூச்சலும் சண்டையுமாக நடத்திய ஜூம் கூட்டத்தின் காணொளி பரவி, சிறிய கவுன்சில் என்றாலே கேலிக்குரியது என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. இடுகாடு, விளையாட்டுத் திடல், சந்தை, கழிப்பறை: மனிதர் அன்றாடம் தொடும் இடங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

இனி செய்ய வேண்டியது. 6 மாதத்துக்குள் ஒரு தீர்மானத்தை மாற்ற முடியாது என்று, கவுன்சிலின் கூட்ட விதிகளான நிலையியல் ஆணையைக் காட்டுவீர்கள். அதே ஆணையில் வழியும் இருக்கிறது: குறிப்பிட்ட எண்ணிக்கையில் கவுன்சிலர்கள் கையெழுத்திட்டு கிளார்க்கிடம் சிறப்புத் தீர்மானம் கொடுக்கலாம், அல்லது ஒரு கமிட்டி பரிந்துரைக்கலாம். ஜூன் கூட்டத்துக்கே கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் "சந்தைச் சதுக்கக் கழிப்பறையை மீண்டும் திறப்பது குறித்து முடிவெடுத்தல்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அறிக்கையை நிரலோடு சேர்த்து வெளியிடுங்கள். யார் எப்படி வாக்களித்தார் என்று பதிவு செய்ய ஒரே ஒரு கவுன்சிலர் கேட்டாலும் போதும், கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுத வேண்டும். உங்களில் ஒருவர் தயவுசெய்து அதைக் கேளுங்கள். கதவைத் திறப்பதற்கு முன் எல்லாக் குழாய்களையும் ஓடவிட்டு, குளிர்நீர் 20 டிகிரிக்குக் கீழும் சுடுநீர் ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரிக்கும் வருகிறதா என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அதே ஜூன் கூட்டத்தில் ஆண்டுக் கணக்கையும் நிர்வாக அறிக்கையையும் 30ஆம் தேதிக்குள் நீங்கள் ஏற்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாக, நிதிநிலையைப் பெரிதாகப் பாதிக்கக்கூடிய எதுவும் நடக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டோம் என அந்த நிர்வாக அறிக்கையின் மூன்றாவது வாசகம் சொல்கிறது. அதற்கு எதிரே "ஆம்" என்று குறிக்குமுன் ஜனவரிக் கூட்டத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பிறகு 30 வேலை நாள் கணக்குகளும் பில்களும் ஒப்பந்தங்களும் பார்வைக்கு வைக்கப்படும். ஜூலையின் முதல் 10 வேலை நாள் அதில் கட்டாயம் அடங்கும். நாங்கள் வந்து பார்ப்போம். வாக்காளர் யாரும் அந்த நாட்களுக்குள் ஆடிட்டரிடம் ஆட்சேபம் எழுப்பலாம். அதை விசாரிக்க ஆடிட்டர் கேட்கும் கூடுதல் கட்டணம் ஊர்ப் பணத்திலிருந்துதான் போகும். 6 வாக்காளர் கையெழுத்திட்டால் ஊர்க் கூட்டம் கூட்டலாம். அங்கே 10 பேரோ, வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ, எது குறைவோ அத்தனை பேர் கேட்டால் ஊர் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்த முடிவு உங்களைக் கட்டுப்படுத்தாது; செலவு மட்டும் ஊருக்கு. சோப்புக்கும் காகிதத்துக்கும் போக வேண்டிய பணத்தை அதில் கரைக்க எங்களுக்கு மனமில்லை.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறோம். அறிக்கையை வெளியிடுங்கள். முடிவை எங்கள் முன்னால் எடுங்கள். உங்கள் தீர்மானம் எங்களுக்கு எதிராகப் போனாலும் காரணம் என்ன என்று காதால் கேட்டுவிட்டுப் போகிறோம். அதுவரை, குறைந்தது செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலாவது, அந்தச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
சந்தைச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள வாக்காளர்கள்