கையெழுத்துப் போடும் முன்: நம் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய மனுவை நானும் பார்த்தேன். நம் பிள்ளைகள் படிக்கும் அமெரிக்கப் பள்ளியின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திலிருந்து மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்', ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' இரண்டு நாவல்களையும் எடுத்துவிடச் சொல்லி ஸ்கூல் போர்டுக்கு எழுதிய மனு. குழுவில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். நான் போடவில்லை. 'ஏன் சார் போடலை?' என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டதால், எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த விவகாரம் ஒரு கறுப்பினத் தாயின் புகாரில் தொடங்கியது. கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை வகுப்பில் உரக்க வாசித்தபோது, அறையிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பி அவருடைய மகனைப் பார்த்திருக்கிறார்கள். அவன் அன்றைக்கு மதியம் சாப்பிடவே போகவில்லையாம். இதைக் கேட்ட பிறகு 'இலக்கியம்னா அப்படித்தான்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அவர் கேட்டது ஒன்று, நம் மனு கேட்பது வேறு. அந்தச் சொல்லை உரக்க வாசிக்காதீர்கள், என் மகனைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள் என்றார் அவர். நம் மனுவின் கடைசிப் பத்தியோ 'நல்லொழுக்கத்தை வளர்க்கும் நூல்களைப் பாடமாக வைக்க வேண்டும்' என்கிறது. அவருடைய புகாரின் முதுகில் நம்முடைய நீதிக்கதை ஆசையை ஏற்றி அனுப்புகிறோம். இதே ஆசை 1885-லும் இருந்தது. 'ஹக்கிள்பெரி ஃபின்' அமெரிக்காவில் வெளியான அடுத்த மாதமே மாசசூசெட்ஸின் கன்கார்ட் நகர நூலகம் அதை விலக்கி வைத்தது. இனவெறியைக் காரணமாகச் சொல்லவில்லை. புத்தகம் கொச்சையாக இருக்கிறது, நாகரிகமானவர்கள் படிக்கத் தக்கதல்ல என்பதுதான் அவர்கள் சொன்னது.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். மனுவில் கையெழுத்துப் போட்ட சிலரிடம் பேசியதில், முப்பத்தொன்றாம் அத்தியாயத்தைப் படித்தவர் யாரும் இல்லை என்று தெரிந்தது. அந்த இடம் இப்படி. ஹக் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். தப்பியோடிய அடிமை ஜிம்மோடு மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் வருகிறான். நடுவில் தெப்பத்தில் ஒட்டிக்கொண்ட மோசடிக்காரர்கள் ஜிம்மை விற்றுவிடுகிறார்கள். ஹக்குக்கு மனசாட்சி குத்துகிறது. எதற்காக? அடுத்தவருடைய சொத்தான அடிமையைத் திருடியதற்காக! அவனுக்குச் சொல்லிக்கொடுத்த தர்மம் அது. உட்கார்ந்து, ஜிம் எங்கே இருக்கிறான் என்று ஜிம்மின் எஜமானிக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவிப்போன மாதிரி லேசாக இருக்கிறது. அப்புறம் ஜிம்மை நினைக்கிறான். தன்னை எழுப்பாமல் தன் காவல் முறையையும் சேர்த்து ஜிம்மே விழித்திருந்த இரவுகள், நீ ஒருத்தன்தான் எனக்கு நண்பன் என்று ஜிம் சொன்னது. கடிதத்தைக் கையில் எடுக்கிறான், கை நடுங்குகிறது, மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். 'சரி, அப்படின்னா நான் நரகத்துக்கே போறேன்' என்று கிழித்துப் போடுகிறான்.

அடிமை முறை தவறு என்று அவனுக்குப் புரியவில்லை. கடைசிவரை புரியவே இல்லை. தான் கெட்டவன், நரகத்துக்குப் போகப்போகிறவன் என்று முழுசாக நம்பிக்கொண்டுதான் அந்த நல்ல காரியத்தைச் செய்கிறான். எந்த நீதிக்கதையில் இதை எழுத முடியும்?

இதற்கு அடுத்த அத்தியாயத்தில்தான் என் மகள் மாட்டிக்கொண்டாள். ஹக் ஒரு வீட்டில் பொய்க்கதை ஒன்று விடுகிறான்: நீராவிப் படகில் இயந்திரம் வெடித்துவிட்டது. யாருக்காவது அடிபட்டதா என்று அந்த வீட்டம்மா கேட்கிறார். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான் இவன், அந்தச் சொல்லைப் போட்டு. நல்லவேளை, சில சமயம் மனுஷங்களுக்கே அடிபட்டுடும் என்கிறார் அந்த அம்மா. மகள் புத்தகத்தோடு சமையலறைக்கு வந்தாள். 'அப்பா, இவன் போன சாப்டர்லதானே திருந்தினான்?' அரை மணி நேரம் பேசினோம், தோசைக்கல் காய்ந்துகொண்டே இருந்தது. அலபாமாவில் ஒரு சிறுபதிப்பகம் 2011-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'அடிமை' என்று மாற்றிப் பதிப்பித்தது. அதைப் படித்திருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு உறைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

நாவலில் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. கடைசிப் பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்கள் எனக்கும் எரிச்சல்தான். ஜிம்முக்கு விடுதலை எழுதிவைத்தாகிவிட்டது என்று தெரிந்துகொண்டே ஹக்கின் நண்பன் டாம் சாயர், குடிசையில் அடைபட்டிருக்கும் அவனை உடனே மீட்காமல் விளையாடுகிறான், ஹக்கும் கூட நிற்கிறான். பெர்சிவல் எவரெட் இதே கதையை ஜிம்மின் வாயால் திருப்பிச் சொல்லி 'ஜேம்ஸ்' என்று 2024-இல் எழுதினார், அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் வந்தது. பழையதற்குப் பதில் சொல்லிய புத்தகம் அது. பழையதைப் படிக்காத பிள்ளைக்கு அதில் பாதி புரியாது.

'மாக்கிங்பேர்ட்' பற்றிச் சுருக்கமாக. வழக்கறிஞர் அட்டிகஸை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய கறுப்பர் டாம் ராபின்சனுக்கோ சாட்சிக் கூண்டில் பேசுவதைத் தவிர நாவலில் அதிக இடமில்லை. அந்தக் குறை நியாயமானது. எனக்கு அதில் முக்கியமானவர் அலெக்சாண்ட்ரா அத்தை. ஏழை வெள்ளைக்காரப் பையன் வால்டரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்கிறாள் அட்டிகஸின் சிறு மகள் ஸ்கௌட். அவனிடம் மரியாதையாக நடந்துகொள், ஆனால் வீட்டுக்கு அழைக்காதே என்கிறார் அத்தை. ஏன் ஏன் என்று நச்சரித்த பிறகு, அவன் குப்பை, அதனால்தான் என்று உடைத்துச் சொல்கிறார். இந்த அத்தை யார் வீட்டில் இல்லை? என் வீட்டில் இருந்தார். அவர் பேர் அலெக்சாண்ட்ரா இல்லை, அவ்வளவுதான்.

(1966-இல் வர்ஜீனியாவின் ஹனோவர் கவுன்டி ஸ்கூல் போர்டு இந்த நாவலை ஒழுக்கக்கேடு என்று தள்ளியபோது ஹார்ப்பர் லீ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, பத்து டாலரும் வைத்து அனுப்பினார். போர்டு உறுப்பினர்களை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அந்தப் பணத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று. நம் மனு போனால் யாராவது நமக்கும் பத்து டாலர் அனுப்பலாம்.)

அடுத்து பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலையும் எடுக்கச் சொல்லலாம் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். இது ஏற்கெனவே நடந்த கதை. 1939 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுன்டி மேற்பார்வையாளர்கள் நாலுக்கு ஒன்று என்ற வாக்கில் அதைப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் தடை செய்தார்கள். ஆபாசம் என்று பேர். பிழைப்புத் தேடி வந்த கூலிகளை அங்கே நடத்திய விதத்தை நாவல் எழுதிவிட்டதுதான் பெரும் பண்ணைக்காரர்களுக்கு உறுத்தல். பேக்கர்ஸ்ஃபீல்டில் தன் கூலியாளையே புத்தகத்தை எரிக்க வைத்து ஒரு பண்ணைக்காரர் படம் எடுத்துக்கொண்டார். கவுன்டி நூலகர் கிரெட்சன் நீஃப் வேண்டாம் என்று கடிதம் எழுதிப் பார்த்தார். தடை விலக 1941 ஆனது.

அந்த நாவலில் சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்று வரும். கலிஃபோர்னியா போகிற ஏழை ஒருவர் பத்து சென்ட்டுக்கு ரொட்டி கேட்கிறார், கடையில் இருப்பது பதினைந்து சென்ட் ரொட்டி. கடைக்காரி மே முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறாள். அவருடைய இரண்டு பையன்களும் மிட்டாயையே பார்க்கிறார்கள். அது ஒரு சென்ட் மிட்டாயா என்று கேட்கிறார் அவர். இல்லை, சென்ட்டுக்கு ரெண்டு என்கிறாள் மே. அவர்கள் போனதும் அங்கிருந்த லாரி டிரைவர் சொல்கிறான்: அது ஒண்ணு அஞ்சு சென்ட் மிட்டாய் ஆச்சே. உனக்கென்ன என்று மே எரிந்து விழுகிறாள். ஹக் மாதிரிதான் இவளும்.

'இது கறுப்பர் வெள்ளையர் விவகாரம், நமக்கு எதற்கு?' என்றும் ஒரு செய்தி வந்தது. நம்மில் பெரும்பாலோர் இங்கே வந்திறங்க வழிவிட்டது 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். கறுப்பர்கள் தெருவில் இறங்கிப் போராடிய அந்தக் காலத்தின் அலையில்தான் அதுவும் நிறைவேறியது. இதற்கு மேல் அவருக்கு என்ன பதில் சொல்ல?

நான் வேறு மனு ஒன்று எழுதியிருக்கிறேன், அரைப் பக்கம்தான். அந்தச் சொல்லை வகுப்பில் யாரும் உரக்க வாசிக்கக் கூடாது. பாடம் தொடங்கும் முன் ஆசிரியர் பெற்றோரிடம் பேச வேண்டும். 'ஜேம்ஸ்' நாவலையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். இரண்டு நாவல்களும் இருக்க வேண்டும். எழுதியதை அந்தத் தாயிடம் காட்டினேன். முதல் இரண்டுக்குச் சரி என்றார், மூன்றாவது பிடித்திருக்கிறது என்றார், நாலாவதுக்கு இன்னும் யோசிக்கிறேன் என்றார். அவர் யோசிக்கட்டும், அவசரம் இல்லை. போர்டு கூட்டம் அடுத்த மாதம்தான்.

அதுவரை 'ஹக்கிள்பெரி ஃபின்' பிரதி ஒன்று சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் என் பையில் இருக்கும், கேட்பவர்களுக்குத் தருகிறேன். முழுசாகப் படிக்க நேரமில்லையென்றால் இருபத்து மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கம் மட்டும் போதும். காய்ச்சலில் காது போனது தெரியாமல், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தன் நாலு வயது மகளை அறைந்துவிட்டதை ஜிம் சொல்லி அழுகிற இடம். ஓரத்தில் என் மகள் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறாள். தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா ஒருவன்