அந்த நோட்டை எங்கள் கையில் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நவம்பர் 14 குழந்தைகள் தினம். உலக சர்க்கரை நோய் தினமும் அன்றுதான். அன்றைய நம் நாளிதழில் நடைப்பயிற்சி, அரிசியைக் குறைப்பது பற்றியெல்லாம் நல்ல கட்டுரை வந்திருந்தது. குழந்தையிலேயே இந்த நோய் வந்து, அதோடு வளர்ந்தவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எனக்கு டைப் 1 சர்க்கரை. ஏழு வயதில் வந்தது, இப்போது 23. மிட்டாய் தின்று வந்ததில்லை. கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, அதனால் தினமும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

குழந்தைகள் பிரிவில் இருந்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வகை இன்சுலினில் தெளிந்ததை முதலில் ஊசியில் இழு, அப்புறம் கலங்கலாக இருப்பதை இழு என்று செவிலியர் அக்கா கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்றதும், பெரிய மண்பானைக்குள் ஈரமணல் போட்டு, அதில் சின்னப் பானையை இறக்கி மருந்தை வைக்கச் சொன்னார். 12 வயது முடிந்ததும் "இனி பெரியவங்க ஓபிக்குப் போம்மா" என்றார்கள். ஐந்து வருடமாக என் சர்க்கரை, ஊசிக் கணக்கு எழுதிய நோட்டு அங்கேயே தங்கிவிட்டது.

பெரியவர்கள் ஓபியில் தாத்தா பாட்டிகளுக்கு நடுவே நிற்பேன். போகும்போதெல்லாம் வேறு வேறு மருத்துவர். 19 வயதில் ஒருவர் ஊசியை நிறுத்தி மாத்திரை எழுதிக்கொடுத்தார். இனி ஊசி இல்லை என்று அம்மா கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டார். மூன்றாம் நாள் வாந்தி, மூச்சிரைப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் கிடந்தேன். அந்த நோட்டு மேசையில் இருந்திருந்தால் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்றே இன்றும் நம்புகிறேன்.

நோய் வந்து ஐந்து வருடம் ஆனால் வருடா வருடம் கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டுமாம். என் கண்ணை முதலில் பார்த்தது 21 வயதில்! இப்போது மில்லில் கணக்கெழுதுகிறேன். காலை ஓபிக்குப் போனால் அரைநாள் சம்பளம் போகிறது. மாதத்தில் ஒரு மாலையாவது எங்களைப் போன்ற இளையவர்களுக்கு ஒதுக்கினால் போதும்.

குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை அனுப்பும் முன் ஒருமுறையாவது பெரியவர்கள் பிரிவு மருத்துவருடன் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அதற்கு நேரமில்லை என்றால், அந்த நோட்டையாவது பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள்.

ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்