ரிலீவிங் லெட்டருக்கு முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியருக்கு,

வேலையை விட்டுப் போகிறவரிடம் அடையாள அட்டை, சாவி, லேப்டாப் மூன்றையும் வாங்கிக்கொண்டு ரிலீவிங் லெட்டரை நீட்டிவிடுவதுதான் நம் பகுதி சிறு நிறுவனங்களில் வழக்கம். லேப்டாப்பை அன்றைக்கே ஃபார்மட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்தும் விடுகிறார்கள். பிறகு ஆடிட்டர் ஏதாவது பழைய பில்லைக் கேட்கும்போதுதான் தேடல் தொடங்குகிறது.

மாதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க அவருடைய மெயில் கணக்கை உடனே அழிப்பது இன்னும் மோசம். நிறுவனங்களுக்கான கூகுள் மெயில், கோப்புச் சேவையான வொர்க்ஸ்பேஸில் அழித்த கணக்கை 20 நாட்களுக்குள்தான் மீட்க முடியும். டிரைவில் அவர் பெயரில் இருந்த கோப்புகளை வேறொருவருக்கு மாற்றாமல் விட்டால், மற்றவர்கள் தினமும் திறந்து வேலை பார்த்த பட்டியல்களும் சேர்ந்தே போய்விடும். முதலில் பாஸ்வேர்டை மாற்றி எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள், அடுத்து கோப்புகளின் உரிமையை மாற்றுங்கள், மெயில்களைப் பிரதி எடுங்கள், அழிப்பது கடைசியில். மைக்ரோசாஃப்ட் 365 என்றால், லைசென்ஸை எடுப்பதற்கு முன் மெயில்பாக்ஸை 'ஷேர்டு மெயில்பாக்ஸ்' (பலர் சேர்ந்து பார்க்கும் பொது மெயில் பெட்டி) ஆக்கிவிடலாம். 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் வேண்டாம்.

கணக்கர் போகும்போதுதான் சிக்கல் அதிகம். ஜிஎஸ்டி தளத்தில் அவருடைய சொந்தக் கைபேசி எண் பதிவாகியிருந்தால் ஓடிபி அவருக்கே போகும். அவர் இருக்கும்போதே 'நான் கோர்' (Non-core, முக்கியமல்லாத விவரங்களுக்கான) திருத்தத்தில் எண்ணை மாற்ற அதிகாரியின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. போனபின் என்றால் ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு வரி அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதுதான். டாலி கணக்கு மென்பொருளில், தரவைப் பூட்டிவைக்கும் 'டாலி வால்ட்' பாஸ்வேர்டு போட்டிருந்தால், அதைத் தாளில் எழுதி வாங்கினால் போதாது. பேக்கப்பை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, அவர் முன்னாலேயே திறந்து பாருங்கள். அந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் டாலி நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. முதலாளியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பின் நம்பர் ஸ்டிக்கரோடு கணக்கரின் மேசை டிராயரில் கிடப்பதும் உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். ஜிஎஸ்டி சட்டம், ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் என்கிறது. ஆள் மாறிவிட்டார் என்ற சாக்கு எதற்கும் செல்லாது.

இதையெல்லாம் கடைசி நாள் மாலையில் செய்ய முடியாது. நோட்டீஸ் காலம் தொடங்கியதுமே ஆரம்பிக்க வேண்டும். ஊழியரின் சொந்தப் படங்கள், சான்றிதழ்களை எடுத்துக்கொள்ள அவருக்கும் அவகாசம் கொடுங்கள். பாக்கிச் சம்பளத்தை நிறுத்திவைத்துப் பாஸ்வேர்டு கேட்கும் பழக்கத்தைச் சில முதலாளிகள் இனியாவது விட வேண்டும்.

– கணினி, கணக்குப் பிரிவு ஊழியர்கள் சிலர், கோவை