மாவு பிசைந்த கைகளுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

யார்க்‌ஷயரில் உள்ள எங்கள் குவேக்கர் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து ரொட்டி சுட்ட எல்லோருக்கும் குழந்தைகள் குழுவின் நன்றி.

குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்; தங்களை 'நண்பர்கள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் கூட்டத்தில் பாதிரியாரும் இல்லை, பிரசங்க மேடையும் இல்லை. ஒரு மணி நேரம் சேர்ந்து மௌனமாக உட்காருவதுதான் வழிபாடு. எட்டு வயதும் எண்பது வயதும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தமிழ்க் காதுக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் பழக்கம் வந்துவிடாது. பிள்ளைகள் கடைசிக் கால் மணி நேரம்தான் உள்ளே வந்து உட்காருகிறார்கள். கைகுலுக்கிக் கூட்டம் முடிந்த மறுநொடி பெரியவர்கள் தேநீர் மேசைக்கும் பிள்ளைகள் தோட்டத்துக்கும் போய்விடுகிறார்கள். பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவர் என்று ஜோடி சேர்த்து ரொட்டி சுட வைத்தது இவர்களைப் பழக வைக்கத்தான்.

அதனால் முதல் நன்றி நேரக் கணக்கைப் போட்டுத் தந்த நண்பருக்கு. மாவு உப்ப ஒரு மணி நேரம் ஆகும், வழிபாடும் ஒரு மணி நேரம். பத்து மணிக்குப் பிசையத் தொடங்கி 10.25-க்கு ஈரத்துணி போட்டு மூடிவிட்டால், 11.30-க்கு மௌனம் முடியும்போது மாவு இரண்டு மடங்காகியிருக்கும். உருட்டித் தட்டில் அடுக்கிவிட்டு, அறிவிப்புகளும் தேநீரும் முடிகிற அரை மணி நேரம் மறுபடி உப்ப விட்டு, 220 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் சுட வேண்டும்.

ரொட்டிக்கான கோதுமை மாவு 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 320 மில்லி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. இதில் 70 கிராம் உருண்டைகள் பன்னிரண்டு வரும்: ஆறு ஜோடிகளுக்கு ஆளுக்கொன்று. ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்தவருக்குத் தனி நன்றி. எடை ஒன்றாக இருந்தால்தான் ஒன்றாக வேகும். யாருடையது பெரிசு என்ற சண்டையும் வராது.

ஜோடி சேர்த்ததில்தான் விஷயமே இருக்கிறது. மூட்டு வலி உள்ள கைகளால் பத்து நிமிடம் பிசைய முடியாது. பிள்ளைகளைச் சூடான அடுப்பைத் திறக்க விட முடியாது. இருவரில் ஒருவர் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் என்ற நிலையில்தான் பேச்சு தானாக வருகிறது. பெரியவர் செய்துகாட்டப் பிள்ளை வேடிக்கை பார்த்தால் அது பள்ளிக்கூடம். வாராவாரம் ஜோடியை மாற்றாமல், ஆறு வாரம் ஒரே ஆளோடு நின்றவர்களுக்கு நன்றி.

சரியாக வராத பன்களைப் பொறுமையாகத் தின்றவர்களுக்கும்தான். பன் கல்லாகப் போனால் பெரும்பாலும் ஒரே காரணம்: கையில் ஒட்டுகிறதென்று பிள்ளைகள் மாவை மேலும் மேலும் தூவுவது. மாவுக்குப் பதில் கையில் எண்ணெய் தடவுங்கள். குளிர்காலத்தில் அந்தப் பழைய கட்டடத்தில் மாவு அசையவே அசையாது. கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தால் போதும். ஆனால் மாவில் ஊற்றுகிற தண்ணீர் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும்.

நெருப்பு மூட்டி வாணவேடிக்கை நடத்தும் நவம்பர் 5-ஐ ஒட்டி யார்க்‌ஷயரில் பார்க்கின் செய்வது வழக்கம்: ஓட்ஸ் குருணை, இஞ்சித்தூள், கருப்பு டிரீக்கிள் பாகு சேர்ந்த கேக். அவல்போல் தட்டையான ஓட்ஸ் இதற்கு ஆகாது. நடுத்தரக் குருணையைத் தேடி வாங்கிவந்தவருக்கு நன்றி. (குவேக்கர் ஓட்ஸ் டப்பாவைக் காட்டி "இது நம்முடையதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லை, அந்த அமெரிக்க நிறுவனம் பெயரை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1822-இல் பிஸ்கட் சுடத் தொடங்கிய ஜோசப் ஹன்ட்லிதான் உண்மையான குவேக்கர்.) பாகை உருகும்வரை மட்டும் சூடாக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். 160 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்; முதல் 40 நிமிடத்துக்குள் கதவைத் திறந்தால் நடுவில் குழி விழும்.

சுட்ட அன்று பார்க்கின் வறட்டுக் கேக். தகர டப்பாவில் மூடி வைத்தால் ஒரு வாரத்தில் ஈரம் பரவிப் பிசுபிசுப்பாகும். அந்த டப்பாக்களைத் தங்கள் வீட்டில் வைத்துக் காத்த பெரியவர்களே, அடுத்த ஞாயிறு வாசலிலேயே பிள்ளைகள் உங்களைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

ஒவ்வாமைப் பட்டியல் எழுதியவருக்கும், அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கும்படி முறை போட்டவருக்கும் நன்றி. கடைசியாக, பாத்திரம் தேய்த்தவர்களுக்கு. மாவு ஒட்டிய கிண்ணத்தில் முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள்; வெந்நீர் பட்டால் மாவு வெந்து பசையாக ஒட்டிக்கொள்ளும். இதைத் தொட்டிக்கு மேலே எழுதி ஒட்டியவர் யாரென்று இன்னும் தெரியவில்லை. அவருக்கும் எங்கள் நன்றி.

குழந்தைகள் குழு